மெட்டி மேல் போட்ட பழி

சின்னமனூரில் எங்கள் தெருக்காரர்கள் என்னைப் பாதி டாக்டர் என்று நம்புகிறார்கள். தப்பு என்னுடையதுதான். மெடிக்கல் கோடிங் என்றால் என்ன என்று விளக்கப் பொறுமையில்லாமல், குடிவந்த புதிதில் "ஆஸ்பத்திரி சம்பந்தப்பட்ட வேலை" என்று சொல்லிவைத்தேன். அன்றிலிருந்து யாராவது மாத்திரை அட்டையோடு வாசலில் வந்து நிற்கிறார்கள். நானும் அட்டையை வாங்கி, வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்து, "சாப்பிட்டதுக்கு அப்பறம் போடுங்க" என்பேன். எல்லா மாத்திரைக்கும் அதுதான் என் ஆலோசனை. இதுவரை யாரும் திரும்பி வந்து சண்டை போடவில்லை.

உண்மையில் நான் ஒரு நோயாளியைக்கூட நேரில் பார்த்தது கிடையாது. அமெரிக்காவில் ஒரு டாக்டர் யாரையோ பார்த்துவிட்டு எழுதிய குறிப்பு எங்கள் வீட்டு மாடி அறைக் கம்ப்யூட்டருக்கு வரும். அதைப் படித்து, என்ன நோயோ அதற்குரிய எண்ணைப் போட்டு அனுப்ப வேண்டும். அந்த எண் சரியாக இருந்தால்தான் அங்கே இன்சூரன்ஸ்காரன் அசைந்து கொடுப்பான். எனக்கு ஒதுக்கியிருப்பது பாதம். பாதத்திலும் பெரும்பாலும் பெருவிரல். பெருவிரல் தன் இடத்தை விட்டுப் பக்கத்து விரலை நோக்கிச் சாயும். அதன் அடி மூட்டில் எலும்பு முண்டு மாதிரி வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். இங்கிலீஷில் இதற்குப் பெயர் பனியன். இந்தப் பெயரைக் கேட்டுவிட்டு என் மாமனார் நான் திருப்பூர் யாவாரம் ஏதோ பார்க்கிறேன் என்று ரொம்ப நாள் நினைத்திருந்தார்.

இந்தப் பெருவிரலில் எனக்குத் தெரியாத சமாச்சாரம் இல்லை என்று ஒரு மிதப்பு எனக்கு. விரல் சாய்ந்திருந்தால் ஒரு எண், முண்டு துருத்தியிருந்தால் வேறு எண். சாய்வுக்கான எண்ணில் கடைசி இலக்கம் ஒன்று என்றால் வலது கால், இரண்டு என்றால் இடது கால். எந்தக் கால் என்று டாக்டர் எழுத மறந்திருந்தால் பூஜ்யம். பூஜ்யம் போடுவது எங்கள் தொழிலில் கௌரவக் குறைச்சல். ஆகவே அந்த டாக்டருக்கே கேள்வி எழுதி அனுப்புவோம்: "தாங்கள் குறிப்பிட்டுள்ள பாதம் வலதா இடதா என்பதைத் தயவுசெய்து தெளிவுபடுத்தவும்." கடல் கடந்து இருக்கும் பெரிய டாக்டர்களை இப்படி நிற்க வைத்துக் கேள்வி கேட்பதில் எனக்கு ஒரு சுகம் இருந்தது. சாயங்காலம் மாடியிலிருந்து இறங்கியதும், "எந்தக் காலுன்னு எழுதத் தெரியல, இவனெல்லாம் டாக்டரு" என்று மனைவியிடம் சொல்லிச் சிரிப்பேன். அவள் அடுப்படியில் ஒரு காலில் பாரத்தைப் போட்டு, மேடையில் சாய்ந்தபடி கேட்டுக்கொண்டிருப்பாள்.

இன்னொரு விதியும் உண்டு. டாக்டர் பெயர் சொல்லாத நோய்க்கு நாங்கள் எண் போடக் கூடாது. "பெருவிரல் பக்கத்து விரல் மேல் ஏறிக் கிடக்கிறது, செருப்புப் போட்டால் வலிக்கிறது, நின்றால் வலிக்கிறது" என்று அரைப் பக்கம் எழுதியிருந்தாலும் சரி, நோயின் பெயரை அவர் எழுதாவிட்டால் எங்களைப் பொறுத்தவரை அந்த நோய் இல்லை. ஊகித்து எழுதினால் தணிக்கையில் மாட்டுவோம். வேலைக்கு இது நல்ல விதி. நான் செய்த பிசகு, இந்த விதியை மாடியிலிருந்து கீழே கொண்டுவந்தது.

என் மனைவி மார்க்கையன்கோட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறாள். நாள் முழுக்க நிற்கிற வேலை. கல்யாணமாகி ஐந்தாறு வருஷம் கழிந்த பின் ஒரு நாள், "மெட்டி இறுக்குதுங்க. பெருவெரலு வந்து அது மேல இடிக்குது. வகுப்புல நிக்க முடியல" என்றாள். விரல் இடிக்கிறது, நின்றால் வலிக்கிறது. என் கம்ப்யூட்டரில் தினமும் வருகிற அதே வாசகம், தமிழில் வந்தது. நான் செய்தது என்ன? இரண்டு மெட்டியையும் கழற்றித் தரச் சொல்லி, சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, வெள்ளிக்கடைக்குப் போய்த் தளர்த்தி வாங்கி வந்தேன். நான் திரும்பும்வரை வெறும் விரலாக இருக்கக் கூடாது என்று அவள் இரண்டு கால் விரலிலும் மஞ்சள் நூல் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மெட்டியைப் போட்டுப் பார்த்து, "இப்ப தேவல" என்றாள். ஒரு நோயைத் தீர்த்துவிட்ட திருப்தியோடு நான் மாடிக்குப் போனேன்.

அடுத்த வருஷம் மறுபடியும் இறுக்கியது. மறுபடியும் வெள்ளிக்கடை. மூன்றாம் முறை கொஞ்சம் கோபப்பட்டேன்; வெள்ளி சரியில்லை, கலப்படம் என்றேன்.

இந்த நேரத்தில் என் பரீட்சை வந்தது. கோடிங் வேலையில் நிலைக்க ஒரு சான்றிதழ் வேண்டும். இரண்டு முறை எழுதித் தோற்றிருந்தேன். மூன்றாம் முறை எழுதப் போன அன்று அவள் வீரபாண்டி கௌமாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டாள். நான் பாஸானால், சித்திரைத் திருவிழாவில் எங்கள் வீட்டிலிருந்து வீரபாண்டி வரை வெறுங்காலில் நடந்து, முல்லையாற்றில் குளித்து, அக்கினிச்சட்டி எடுப்பதாக வேண்டுதல். பாஸாகிவிட்டேன். படித்ததால் பாஸானேனா, வேண்டியதால் பாஸானேனா என்று வீட்டில் விவாதமே எழவில்லை. என் மார்க்கைப் பார்த்தவர்களுக்கு அந்தச் சந்தேகம் வராது. அந்த வருஷம் என் மாமனார் தவறிப்போனதால் சட்டி எடுக்கவில்லை. அடுத்த சித்திரையில் எடுத்தே ஆக வேண்டும் என்று அவள் தைமாதத்திலிருந்தே சொல்ல ஆரம்பித்தாள். கூடவே, மெட்டி இறுக்குகிறது என்றும் சொன்னாள்.

நான்காம் முறை மெட்டியை எடுத்துக்கொண்டு போனேன். வெள்ளிக்கடையில் வேலை பார்ப்பவன் என்னோடு பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன். பரீட்சையில் என்னைப் பார்த்து எழுதியவன் என்று நான் சொல்வேன். அவன் மாற்றிச் சொல்வான்.

"ஏலே, இது எத்தனாவது தடவ?" என்றான்.

"நாலு."

"இதுக்கு மேல தளத்துனா நடக்கயில கழண்டு விழுந்துரும்டா." இரண்டு மெட்டியையும் உள்ளங்கையில் வைத்து விளக்குப் பக்கம் காட்டினான். "இங்கன பாரு. ஒண்ணு உருண்டையா இருக்கு. இது மட்டும் ஒரு பக்கம் தேஞ்சு தட்டையாக் கெடக்கு. எதோ அது மேல ஒரசிக்கிட்டே இருக்கு. பெருவெரலு சாஞ்சு வருதுடா. மெட்டி மேல பழி போடாம டாக்டர்கிட்டக் காட்டு. இது எந்தக் காலு?"

"ரெண்டுந்தான் இறுக்குதுன்னு சொன்னா."

"ஒண்ணுதான தேஞ்சிருக்கு. ஆமா, நீ என்னமோ வெள்ளக்காரன் கால் வேலதான பாக்குற?"

ஆமாம் என்றேன்.

"வெளிய சொல்லிராத" என்று சொல்லிவிட்டு மெட்டியைத் துடைத்துத் தந்தான்.

நான்கு முறை அந்த மெட்டிகளைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு பைக்கில் போய் வந்தவன் நான். தேய்மானத்தை ஒரு முறையும் கவனிக்கவில்லை. வீட்டுக்கு வந்து, "காலைக் காட்டு" என்றேன். எதற்கு என்று கேட்டுவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்து இரண்டு காலையும் நீட்டினாள். நான் எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். ஒரு கால் சரியாக இருந்தது. மற்றதில் பெருவிரல் ஒதுங்கிப்போய் மெட்டி விரலை நெட்டித் தள்ளிக்கொண்டிருந்தது. அடி மூட்டில் முண்டு சிவந்து, தோல் காய்த்துப்போயிருந்தது. பல வருஷமாக எழுத்தில் மட்டுமே பார்த்திருந்த ஒன்றை முதன்முதலாக நேரில் பார்க்கிறேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். "அட, அதேதான். மிதமான நிலை" என்று பெயரையும் இங்கிலீஷில் சொன்னேன்.

"வலிக்குதுன்னு சொல்லிக்கிட்டேதான இருந்தேன். மெட்டின்னு சொல்லிட்டீக" என்றாள்.

"நீயுந்தான மெட்டின்னு சொன்ன."

"நான் டீச்சரு. நீங்கதான காலு."

வலி பெரிதா, வேண்டுதல் பெரிதா என்றால் அவளுக்கு வேண்டுதல்தான். சித்திரைக்கு ஐந்து வாரம் இருந்தது. "டாக்டரு நடக்கலாமுன்னு சொல்லிட்டாப் போதும். மத்ததெல்லாம் பொறவு பாத்துக்கிருவோம்" என்றாள். அந்த ஒரு பதிலுக்காகத்தான் தேனிக்குப் போனோம்.

எலும்பு டாக்டர் ஒரு பெண்மணி. காலைத் தூக்கிப் பார்த்து, விரலை அசைத்துப் பார்த்து, நடக்கச் சொல்லிப் பார்த்துவிட்டுச் சீட்டில் இரண்டு வரி எழுதினார். நான் எட்டிப் பார்த்தேன். நோயின் பெயர் இருந்தது. எக்ஸ்ரே என்று இருந்தது. எந்தக் கால் என்று இல்லை. எனக்குள் இருந்த தணிக்கைக்காரன் எழுந்து நின்றுவிட்டான்.

"மேடம், ஒரு சின்ன விஷயம். எந்தக் கால்னு எழுதல."

"ஆள் எதிர்லதான இருக்காங்க" என்றார் டாக்டர்.

"இருந்தாலும் பதிவுல இருக்கணும். நான் இந்தத் துறைதான். பாதம் மட்டும்தான் பார்க்கிறேன். வலதா இடதான்னு இல்லாட்டி அது முழுமையான குறிப்பு இல்ல."

மனைவி என் சட்டையைப் பிடித்து மெதுவாக இழுத்தாள். டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். கோபப்படவில்லை. "நல்லது. உங்களுக்கே தெரிஞ்சிருக்கும். சொல்லுங்க, எழுதிக்கிறேன். எந்தக் கால்?"

கட்டிலில் நீட்டிய கால்கள் என் கண் முன்னால் வந்தன. முண்டு இருந்த கால் என் இடது கைப் பக்கம் இருந்தது. "இடது" என்றேன், தெளிவாக.

எதிரே உட்கார்ந்து பார்த்தால் வலது கால் இடது பக்கம் தெரியும் என்பது எனக்கு உறைப்பதற்குள், "வலது" என்று பக்கத்திலிருந்து மனைவியின் குரல் வந்தது. சிலேட்டில் பிள்ளை தப்பாக எழுதியதைத் திருத்துவது போலச் சொன்னாள். அதட்டலும் இல்லை, சிரிப்பும் இல்லை.

"எவ்வளவு நாளா இருக்கு?" என்று டாக்டர் என்னைப் பார்த்தே கேட்டார்.

"ஒரு வருஷம் இருக்கும்."

"அஞ்சு" என்றாள் மனைவி.

"செருப்பு என்ன சைஸ்?"

இது எனக்குத் தெரியும். தீபாவளிக்குத் தீபாவளி நான்தான் தேனியில் வாங்கி வருகிறேன். முன்பக்கம் கூராக, பக்கிள் வைத்த செருப்பு. "ஆறு" என்றேன்.

"ஏழு" என்றாள் மனைவி.

டாக்டர் அறை வாசலில் கிடந்த செருப்பைப் பார்த்தார். "அது ஆறு மாதிரிதான் தெரியுது. ஏழு சைஸ் காலுக்கு ஏம்மா ஆறு போடுறீங்க?"

"இவுக வாங்கிட்டு வந்தாக" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

மனைவியின் காலைப் பற்றி எனக்குத் தெரிந்த ஒரே எண் ஆறு. அதுவும் தப்பு. முதல் தடவை வாங்கி வந்தபோதே இறுக்கியிருக்கிறது. ஆசையாக வாங்கி வந்ததை மாற்றச் சொல்ல வேண்டாம் என்று போட்டுக்கொண்டிருக்கிறாள். போட்டுக்கொண்டதால் அளவு சரி என்று எடுத்துக்கொண்டு நான் வருஷா வருஷம் ஆறே வாங்கியிருக்கிறேன். எங்கள் கம்பெனியில் ஒருவன் போட்ட தப்பு எண்ணை அடுத்தவன் சரிபார்க்காமல் நகல் எடுத்துப் போட்டால் அவனுக்கு ஒரு வாரம் பயிற்சி வகுப்பு உண்டு. அந்த வகுப்பை எடுப்பவன் நான்.

இங்கே வேடிக்கையை நிறுத்திவிட்டு ஒன்று சொல்ல வேண்டும். எனக்கு அவமானமாக இருந்தது. டாக்டர் முன்னால் என்பதால் இல்லை. அவள் "அஞ்சு" என்று சொன்ன விதத்தில் குறை சொல்கிற தொனியே இல்லை, அதுதான் தாங்கவில்லை.

எக்ஸ்ரே எடுக்க மெட்டியைக் கழற்ற வேண்டியிருந்தது. இடது கால் மெட்டி வந்துவிட்டது. வலது வரவில்லை. நர்ஸ் சோப்பு போட்டு உருட்டி உருட்டி எடுத்தார். மனைவி பல்லைக் கடித்துக்கொண்டு சுவரைப் பார்த்தாள். படத்தைப் பார்த்த டாக்டர், முன்பக்கம் அகலமான செருப்பு, விரலுக்கு நடுவில் வைக்க ஒரு சிலிக்கான் துண்டு, ஆறு மாதம் கழித்து ஆபரேஷன் வேண்டுமா என்று பார்க்கலாம் என்றார். "கல்யாணத்துக்கு முன்னாடியே இப்படி இருந்துச்சா, இல்ல பின்னாடி வந்ததான்னு தெரிஞ்சா நல்லது. கால் தெரியுற மாதிரி பழைய போட்டோ இருந்தா அடுத்த தடவ கொண்டு வாங்க."

"நடக்கலாமா?" என்றாள் மனைவி. "வீரபாண்டிக்கு. சட்டி எடுக்கணும்."

"எங்கருந்து?"

"சின்னமனூரு."

"தார் ரோட்டுல, வெறுங்கால்ல, இந்த வெயில்லயா? இந்தக் காலோட வேணாம்மா."

பஸ்ஸில் அவள் ஜன்னல் பக்கம் திரும்பியே வந்தாள். வீரபாண்டி நிறுத்தத்தில் கோயில் பக்கம் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டபோது கண் கலங்கியிருந்தது. "ஆத்தாகிட்ட வாய் குடுத்துட்டேனே. போன வருசமும் போகல" என்றாள். ஆறுதலாக ஏதாவது சொல்ல வாயைத் திறந்தேன். எனக்கு வந்ததெல்லாம் பாதம் சம்பந்தப்பட்ட வார்த்தைகளாகவே இருந்தன.

வீட்டுக்கு வந்ததும் பழைய போட்டோ தேடினேன். கால் தெரிகிற போட்டோ யாரிடம் இருக்கும்? பீரோவின் மேல்தட்டில் கல்யாண ஆல்பம் இருந்தது. தூசி தட்டிப் புரட்டினேன். எல்லாப் படத்திலும் பட்டுச்சேலை காலை மறைத்திருந்தது, ஒன்றைத் தவிர. அம்மி மிதித்து மெட்டி போடுகிற படம். போட்டோக்காரர் நன்றாகவே கிட்டே போய் எடுத்திருக்கிறார். அம்மி மேல் அவள் வலது கால். ஐந்து விரலும் தனித்தனியாக, பெருவிரல் நேராக, மருதாணியோடு. அந்தக் காலை என் கை பிடித்திருக்கிறது. வலது கால்தான் என்று அன்று ஊரே கூடி நின்று எனக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறது.

அவள் காபியோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அப்ப நேராத்தான் இருந்திருக்கு" என்றேன்.

"ஆமா."

"எல்லாம் அதுக்குப் பொறவுதான்."

அவள் படத்தைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தாள். பிறகு விரலை வைத்து என் முகத்தைக் காட்டினாள். "நீங்க எங்க பாக்குறீக இதுல?"

அப்போதுதான் கவனித்தேன். படத்தில் அவள் குனிந்து தன் காலைப் பார்க்கிறாள். என் அம்மா பார்க்கிறார், ஐயர் பார்க்கிறார், மெட்டியைத் தட்டில் ஏந்தி நிற்கும் என் அக்கா பார்க்கிறார். காலைப் பிடித்திருக்கும் நான் மட்டும் எல்லாப் பல்லும் தெரியக் கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறேன்.

ஆல்பத்தை மூடி வைத்துவிட்டு, "சட்டிய நான் எடுக்குறேன்" என்றேன்.

"நேந்தது நானு."

"பாஸானது நான்தான?"

யோசித்தாள். மறுநாள் கோயிலுக்குப் போய்க் கேட்டுக்கொண்டு வந்தாள். வீட்டுக்காரர் எடுக்கலாம் என்று சொன்னார்களாம். "எடுங்க. காப்பு கட்டி, வெரதம் இருந்து, ஒழுங்கா நடக்கணும். வழியெல்லாம் என் தம்பி போன நீட்டிக்கிட்டு வருவான். கேமராவப் பாக்காதீக" என்றாள்.

சீலையம்பட்டி தாண்டும்போதே எனக்கு உள்ளங்கால் கொப்பளித்துவிட்டது. நாற்காலியில் வளர்ந்த கால். உப்பார்பட்டி பக்கம் வந்தபோது, ஒவ்வொரு கொப்புளத்துக்கும் தனி எண் உண்டு என்பதும், அதிலும் வலது இடது பிரித்துப் போட வேண்டும் என்பதும் ஞாபகம் வந்தது. ஒன்றுக்கும் பிரயோஜனமில்லை. அவள் தம்பியின் பைக்கில் வந்து, அங்கங்கே இறங்கி நின்று தண்ணீர் கொடுத்தாள். அவள் காலில் ஏழாம் நம்பர் செருப்பு, முன்பக்கம் அகலமானது. அதை அவளே போய்ப் போட்டுப் பார்த்து வாங்கியிருந்தாள்.

ஆற்றில் குளித்துவிட்டு, வேப்பிலை வைத்து, சட்டியைக் கையில் வாங்கினேன். தீயின் வெக்கை முகத்தில் அடித்தது. கோயில் எல்லையில் அவள் செருப்பைக் கழற்றித் தம்பியிடம் கொடுத்துவிட்டு, கூட்டத்தை விலக்கிக்கொண்டு எனக்கு முன்னால் நடந்தாள். "மச்சான், இங்கிட்டுப் பாருங்க" என்று தம்பி பின்னோக்கி நடந்தபடியே கத்தினான். நான் அவள் காலையே பார்த்துக்கொண்டு போனேன். முதுகைக் காட்டி நடந்ததால் இந்த முறை வலதும் இடதும் எனக்குக் குழம்பவில்லை. வலது காலை வைக்கும்போது பெருவிரலில் பாரம் விழாமல், பாதத்தை லேசாக வெளிப்பக்கம் சாய்த்து வைத்தாள். சின்ன அசைவுதான். ஆனால் பார்க்கிறவனுக்குத் தெரியாமல் போகாது.

வீட்டுக்கு வந்ததும் தம்பி வீடியோவைப் போட்டுக் காட்டி, மச்சான் முகம் ஒரு இடத்தில்கூட விழவில்லை, தலையைக் குனிந்தே வருகிறார் என்று குறைப்பட்டுக்கொண்டான். அவள் போனை வாங்கி அதை இரண்டு முறை பார்த்தாள்.